அறியாமைக்கு யார் பொறுப்பு? – அபர்வான் கிராமத்தை முன்வைத்து ஒரு சிந்தனை

'எனக்குத் தெரியாது' என்ற சொல்லுக்கு மனித சமூகம் எப்போதும் ஒரு சலுகை வழங்கி வந்திருக்கிறது. இருட்டில் நமது காலை மிதித்துவிட்டவனை நாம் கோபிப்பதில்லை. தெரியாமல் செய்த பிழையையும் தெரிந்தே செய்த குற்றத்தையும் எந்த நீதிமன்றமும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதில்லை. இது நியாயமானதுதான். ஆனால் தெரிந்துகொள்வதே கடமையாக விதிக்கப்பட்ட ஒருவர், தெரிந்துகொள்ளும் வசதிகள் அனைத்தும் கைவசம் இருந்தும் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டால் அவருக்கும் இதே சலுகை உரியதா? அந்த ஒருவர் தனிமனிதராக அல்லாமல் பல்லாயிரம் பேர் வேலை செய்யும் ஒரு ஸ்தாபனமாக இருந்தால் நாம் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்பது?

இந்தக் கேள்வியை வெறும் தர்க்கமாக வைத்துப் பேசினால் அது நழுவிப் போய்விடும். எனவே அதனை ஒரு கிராமத்தின் மண்ணில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். அந்தக் கிராமத்தின் பெயர் அபர்வான்.

தென் வேல்ஸில், மேர்தர் டிட்வில் நகருக்குத் தெற்கே நாலைந்து மைல் தூரத்தில், டாஃப் ஆற்றின் மேற்குக் கரையில் மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த சிறிய கிராமம் அது. 1869இல் அங்கே நிலக்கரிச் சுரங்கம் தோண்டத் தொடங்கும்வரை அந்த இடத்தில் சில பண்ணைகளும் மேய்ச்சல் நிலங்களும் தவிரப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. மேர்தர் வேல் சுரங்கம் வந்தது. அதன் பின்னால் தொழிலாளர் வரிசை வீடுகள் வந்தன. தேவாலயங்களும் கடைகளும் பாடசாலையும் வந்தன. ஊரைப் பெற்றெடுத்ததே சுரங்கம்தான் என்று சொன்னால் தவறாகாது. தந்தை இறங்கிய குழிக்குள் மகனும் இறங்கினான். 1947இல் பிரித்தானியச் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டபோது தனியார் முதலாளிமாரின் இடத்துக்குத் தேசிய நிலக்கரிச் சபை வந்தது. சுரங்கம் இனி மக்களுடையது என்று அந்த மக்கள் மகிழ்ந்தார்கள்.

நிலக்கரி எடுக்கும்போது அதனோடு சேர்ந்து கல்லும் களிமண்ணும் தூளும் மேலே வரும். அவற்றை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். பள்ளத்தாக்கில் இடம் குறைவு என்பதால் அபர்வானில் அவற்றை ஊருக்கு மேலேயுள்ள மலைச்சரிவில் கொட்டினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு கழிவு மேடுகள் எழுந்தன. ஏழாவது மேடு 1958இல் தொடங்கப்பட்டது. அதற்கான இடத்தைத் தெரிவு செய்தவர்கள் சுரங்க முகாமையாளரும் இயந்திரப் பொறியியலாளர் ஒருவரும். மலையில் ஏறிக் கண்ணால் பார்த்துத் தீர்மானித்தார்கள். மண்ணைப் பரிசோதிக்கவில்லை, நகர சபையிடம் கேட்கவுமில்லை. அந்த இடத்தில் நீரூற்று இருந்தது. ஊர்ச் சிறுவர்கள் விளையாடித் திரிந்த ஊற்று அது. அங்கிருந்து ஓடிய நீரோடைகள் அரசாங்க நில அளவைப் படத்திலும் வரையப்பட்டிருந்தன. அதன்மேல் எட்டு வருடங்களில் 34 மீற்றர் உயரத்துக்கு ஒரு மேடு வளர்ந்தது.

1966 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. தவணை இடைக்கால விடுமுறைக்கு முந்திய கடைசி நாள். காலை ஏழரை மணியளவில் மேட்டில் வேலைக்கு ஏறியவர்கள், அதன் உச்சி சில மீற்றர்கள் கீழே இறங்கியிருப்பதைக் கண்டார்கள். கீழே அறிவிப்பதற்குத் தொலைபேசி இல்லை, கம்பி திருடப்பட்டிருந்தது. ஒருவர் நடந்து சென்று சொல்லிவிட்டு வந்தார். ஒன்பதேகால் மணியளவில் மேடு உடைந்து சேறாகிப் பாய்ந்தது. பள்ளத்தாக்கில் மூடுபனி படர்ந்திருந்ததால் கீழே இருந்தவர்கள் அதனைக் காணவில்லை; சத்தத்தை மாத்திரமே கேட்டார்கள். மலையிலிருந்து இறங்கிய கரிச்சேறு பான்ட்கிளாஸ் ஆரம்பப் பாடசாலையையும் அருகிலிருந்த வீடுகளையும் மூடியது. 116 பிள்ளைகளும் 28 பெரியவர்களுமாக 144 பேர் இறந்தனர். சுரங்கத்தினுள் வேலை செய்துகொண்டிருந்த தந்தைமார் மேலே வந்து தமது பிள்ளைகளைத் தோண்டினார்கள். எங்காவது ஒரு முனகல் கேட்கிறதா என்று அறிய விசில் ஊதப்படும்போதெல்லாம் அத்தனை பேரும் அசையாது நின்றார்கள். முற்பகல் பதினொரு மணிக்குப் பிறகு யாருமே உயிரோடு எடுக்கப்படவில்லை.

நிலக்கரிச் சபையின் தலைவராக இருந்தவர் றொபன்ஸ் பிரபு. அன்றைய தினம் அவர் ஒரு பல்கலைக்கழகத்தின் வேந்தராகப் பதவியேற்கும் விழாவுக்குச் சென்றார். மறுநாள்தான் அபர்வானுக்கு வந்தார். மேட்டின் அடியில் யாருமறியாத இயற்கை ஊற்று ஒன்று இருந்ததே காரணம் என்று அவர் தொலைக்காட்சியில் கூறினார். 'யாருமறியாத' என்ற அந்தச் சொல்தான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஊரில் உள்ள சிறு பிள்ளைக்கும் தெரிந்த ஊற்று, ஒரு தலைவரின் வாயில் யாருக்கும் தெரியாத ஊற்றாக மாறியது எவ்வாறு?

லோர்ட் ஜஸ்டிஸ் எட்மண்ட் டேவிஸ் தலைமையில் அமைந்த விசாரணை மன்றம் 76 நாட்கள் அமர்ந்து 136 சாட்சிகளை விசாரித்தது. 1967 ஓகஸ்டில் வெளியான அதன் அறிக்கை, பழி நிலக்கரிச் சபையுடையது என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறியது. அதன் ஊழியர்கள் ஒன்பது பேரைப் பெயர் குறிப்பிட்டது. ஆயினும் இவர்கள் கொடியவர்கள் அல்லர், நல்லவர்களே, அறியாமையாலும் திறமையின்மையாலும் தகவல் பரிமாறத் தவறியதாலும் நேர்ந்த விபரீதம் இது என்ற கருத்தையும் அது முன்வைத்தது. ஒருவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. ஒருவரும் வேலை இழக்கவில்லை. றொபன்ஸ் பிரபு இராஜினாமாக் கடிதம் கொடுத்தார்; அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1971வரை அவரே தலைவராக இருந்தார். 1970இல் தொழிலிடப் பாதுகாப்புப் பற்றி ஆராயும் அரசாங்கக் குழுவுக்கும் அவரே தலைவராக நியமிக்கப்பட்டார்.

அந்த அறிக்கையின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் 'அறியாமை' என்ற அதன் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அறியாமை என்றால் அறிவு இல்லாத வெற்றிடம் என்றே நாம் விளங்கிக்கொள்கிறோம். அபர்வானில் அப்படி ஒரு வெற்றிடம் இருந்ததா?

1939இல் அதே பள்ளத்தாக்கில் சில மைல் தெற்கே சில்வினித் என்ற இடத்தில் ஒரு கழிவு மேடு சரிந்து பெருவீதியை மூடியது. அதன்பின் அப்போதைய சுரங்கக் கம்பனி கழிவு மேடுகள் சரிவதைப் பற்றி ஓர் எச்சரிக்கைக் குறிப்பே தயாரித்தது. 1944இல் அபர்வானின் நாலாவது மேடு சரிந்தது. 1963இல் ஏழாவது மேடே ஒருமுறை சரிந்தது. அதே 1963இல் நகர சபையின் பொறியியலாளர், பாடசாலைக்குப் பின்னால் கரிச்சேறு கொட்டப்படுவதன் ஆபத்தைத் தலைப்பிலேயே குறிப்பிட்டுக் கடிதம் எழுதினார். 1964இல் பெண் உறுப்பினர் ஒருவர், மேடு நகர்ந்தால் பாடசாலைக்கே ஆபத்து என்று நகர சபைக் கூட்டத்தில் பேசினார். 1965இல் தாய்மார் வெள்ளப் பிரச்சினை குறித்துக் கையொப்பமிட்ட மனுவொன்றைப் பாடசாலை அதிபரிடம் கொடுத்தார்கள். அவர் அதனை மேலே அனுப்பினார். அந்த அதிபரும் மறுவருடம் தமது மாணவர்களோடு மரணித்தார். அதே 1965இல் இன்னொரு சுரங்கத்தின் மேடு சரிந்ததையடுத்து 1939ஆம் ஆண்டின் எச்சரிக்கைக் குறிப்பு மீண்டும் சுற்றுக்கு விடப்பட்டது.

இதனை வெற்றிடம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. இங்கே அறிவு நிறையவே இருந்தது. அது இருக்கவேண்டிய இடத்தை அடையவில்லை என்பதே உண்மை.

நான் ஓர் எழுதுவினைஞனாகப் பல வருடங்கள் கோவைகளோடு வாழ்ந்தவன். ஒரு கடிதம் காரியாலயத்தினுள் நுழைந்ததும் அதற்கு என்ன நேர்கிறது என்பதை அறிவேன். அதற்கு ஓர் இலக்கம் கொடுக்கப்படும். 'கிடைக்கப்பெற்றது' என்று பதில் போகும். 'உரிய நடவடிக்கைக்காக' என்று எழுதி அடுத்த மேசைக்கு அனுப்பப்படும். அனுப்பியவரின் பொறுப்பு அத்தோடு தீர்ந்தது. பெற்றவர் அது தனது பகுதிக்குரியதல்ல என்று கண்டு வேறொரு மேசைக்கு அனுப்புவார். இந்தப் பயணத்தில் யாரும் பொய் சொல்வதில்லை, கடிதத்தைக் கிழித்தெறிவதுமில்லை. ஒவ்வொருவரும் தத்தமது கடமையைச் செய்கிறார்கள். கடிதத்தை எழுதியவனின் பயம் மட்டும் வழியில் எங்கேயோ உதிர்ந்து போய்விடுகிறது. கடைசி மேசைக்கு வந்து சேரும்போது அது வெறும் 'விடயம்' ஆகிவிடுகிறது.

அபர்வானிலும் இவ்வாறே நடந்திருக்கிறது. கழிவு மேடுகள் இயந்திரப் பொறியியலாளர்களின் பொறுப்பில் இருந்தன. அவர்கள் மேட்டுக்குக் கழிவைக் கொண்டுசெல்லும் இயந்திரங்களைக் கவனித்தார்கள். மண்ணையும் நீரையும் பற்றி அறிந்தவர்கள் குடிசார் பொறியியலாளர்கள். மேடு அவர்களது பொறுப்பில் இருக்கவில்லை. சுரங்கப் பரிசோதகர்கள் நிலத்துக்குக் கீழே உள்ள ஆபத்துகளைப் பரிசோதித்தார்கள். மேடுகளின் உறுதி பற்றிச் சட்டத்தில் எதுவுமே இருக்கவில்லை. மேடுகளைப் பற்றி நிலக்கரிச் சபைக்கு ஒரு கொள்கையே இருந்ததில்லை என்பதை விசாரணை மன்றம் கண்டறிந்தது. கீழே இறங்குபவன் மரணிக்கக்கூடும் என்று எல்லோரும் அறிந்திருந்தார்கள். அதற்கு விதிகளும் விளக்குகளும் இருந்தன. மலைமேல் கொட்டப்பட்டது கழிவு. கழிவைப் பற்றி யோசிப்பது எவருடைய தொழிலாகவும் இருக்கவில்லை.

அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் மூன்றாம் பகுதியில் இதனைத் தொட்டுச் செல்கிறார். குடிபோதையில் குற்றம் செய்தவன், தான் செய்தது இன்னதென்று அறியாமல்தான் செய்தான். ஆனால் குடிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்தது. அதுபோலவே கவனமின்மையால் அறியாதிருப்பவனும் தண்டனைக்குரியவன். கவனமாக இருப்பது அவனால் முடிந்த காரியம் என்பது அவருடைய வாதம். இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்திய இந்த வாதம் தனிமனிதனுக்குப் போதுமானது. ஸ்தாபனத்துக்கு அது போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்தாபனத்தில் கவனமில்லாதவன் இன்னாரென்று விரல் நீட்ட முடிவதில்லை. எல்லோரும் கவனமாகத் தத்தமது வேலையைச் செய்து, அதன் மொத்த விளைவாக ஒரு குருட்டுத்தன்மை உண்டாகிறது. அலுவலக ஆட்சி என்பது எவருமற்றோரின் ஆட்சி என்று ஹன்னா அரெண்ட் எழுதினார். கொடுங்கோலனிடமாவது ஏன் செய்தாய் என்று கேட்கலாம். எவருமற்றோரிடம் கேட்க முடியாது என்பதே அவர் கண்ட ஆபத்து.

அப்படியானால் யாருக்கும் பொறுப்பில்லையா? இங்கேதான் நான் ஒரு முடிவுக்கு வர விரும்புகிறேன். அறியாமை தானாக விளைவதில்லை, அது உண்டாக்கப்படுகிறது. யாருடைய பேச்சைக் கேட்பது, யாருடைய பேச்சை விடுவது என்று ஒரு ஸ்தாபனம் நாளாந்தம் செய்யும் தெரிவுகளிலிருந்து அது உண்டாகிறது. ஊற்றை அறிந்தவர்கள் தாய்மாரும் பிள்ளைகளும் ஊர் உறுப்பினர்களும். அவர்கள் அறிந்தது 'அறிவு' என்ற கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதனால்தான் ஊர் முழுக்கத் தெரிந்த ஊற்றை யாருமறியாத ஊற்று என்று தொலைக்காட்சியில் சொல்ல முடிந்தது. 'யாரும்' என்ற அந்தச் சொல்லுக்குள் அபர்வான் மக்கள் அடங்கவில்லை. இந்தக் கணக்கை வகுத்தவர்கள், வகுக்கும் அதிகாரம் பெற்றிருந்தவர்கள், அதன் விளைவுக்கும் பொறுப்பாளிகள். அவர்கள் மனதில் தீய எண்ணம் இருந்ததா என்பது இரண்டாவது கேள்வி.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். நடந்து முடிந்த பின் எல்லோரும் ஞானிகள் என்பது ஒன்று. அதற்கான பதிலை மேலே சொன்ன வருடங்களே தருகின்றன. 1939, 1944, 1963, 1964, 1965 யாவும் 1966க்கு முந்தியவை. மற்ற மறுப்பு கொஞ்சம் கனமானது. அந்த மேட்டை உயர்த்தியவர்கள் அதே ஊரின் தொழிலாளர்கள் அல்லவா? தந்தைமார் தோண்டி அனுப்பிய கழிவுதானே பிள்ளைகளை மூடியது? உண்மைதான். அந்த ஊரின் துயரத்தில் நீங்காத முள்ளும் அதுவேதான். ஆனால் சுரங்கம் மூடப்பட்டால் ஊருக்கு வேறு பிழைப்பு இல்லை. உரத்துப் பேசினால் சுரங்கம் போய்விடுமோ என்ற அச்சம் வீடுகளுக்குள் இருந்தது. எங்கே கொட்டுவது என்று தீர்மானித்தவனையும் கொட்டுவதன்றி வேறு வழியில்லாதவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நீதியாகாது. அந்த அச்சத்தையும் மீறி அவர்கள் மனு எழுதினார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மரண விசாரணை நடந்தபோது, பிள்ளையின் மரணத்துக்குக் காரணம் மூச்சுத் திணறல் என்று வாசிக்கப்பட்டது. ஒரு தந்தை எழுந்து அதனை மறுத்தார். தேசிய நிலக்கரிச் சபையால் உயிரோடு புதைக்கப்பட்டார்கள் என்று பதியுமாறு அவர் கேட்டார். துயரம் தாளாமல் ஒரு மனிதர் கத்தியதாகவே பலரும் இதனைக் கருதுகிறார்கள். எனக்கோ அந்த மண்டபத்தில் பேசப்பட்ட மிகத் துல்லியமான வாசகமாக அது தோன்றுகிறது. மூச்சுத் திணறல் என்பது செய்தவன் இல்லாத சொல். அந்தத் தந்தை அந்த வாக்கியத்துக்கு ஓர் எழுவாயைக் கேட்டார். இலக்கணத்தில் எழுவாய் தொக்கி நிற்கலாம். நீதியில் அது தொக்கி நிற்கலாகாது.

அனர்த்தத்துக்குப் பிறகு நடந்தவை இந்தக் குருட்டுத்தன்மை விபத்தல்ல என்பதற்குச் சாட்சி. நிலக்கரிச் சபை ஒரு பிள்ளைக்கு முதலில் 50 பவுணும் பின்னர் 500 பவுணும் நட்டஈடாக வழங்க முன்வந்தது. உலகெங்குமிருந்து சாதாரண மக்கள் அனுப்பிய பணம் அனர்த்த நிதியத்தில் சுமார் பதினேழரை இலட்சம் பவுணாகச் சேர்ந்தது. அதிலிருந்து பெற்றோருக்குக் கொடுப்பதற்கு முன், அவர்கள் தமது பிள்ளையோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள், மெய்யாகவே மனவேதனைப்படுகிறார்களா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் எனத் தர்ம ஸ்தாபனங்களை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழு கருதியது. ஆபத்தை எச்சரித்தபோது அவர்களது அறிவு நம்பப்படவில்லை. பிள்ளையைப் புதைத்த பின்னர் அவர்களது கண்ணீரும் நம்பப்படவில்லை.

மலைமேல் மீந்திருந்த மேடுகளை அகற்றுமாறு ஊரார் கேட்டார்கள். ஆபத்தில்லை என்றே முதலில் பதில் கிடைத்தது. கார்டிஃப் நகரில் வேல்ஸ் விவகார அலுவலகத்துக்குச் சென்று கரிச்சேற்றை அங்கே கொட்டிய பின்னரே காரியம் நகர்ந்தது. அப்போதும் 1968இல் அகற்றும் செலவுக்காக அனர்த்த நிதியத்திலிருந்தே 150,000 பவுண் எடுக்கப்பட்டது. பிள்ளைகளை இழந்தவர்களுக்கென உலகம் கொடுத்த தர்மப் பணம், பிள்ளைகளைக் கொன்ற மேட்டை அப்புறப்படுத்துவதற்குச் செலவாயிற்று. 1997இல் புதிய அரசாங்கம் 150,000 பவுணைத் திருப்பிக் கொடுத்தது. இருபத்தொன்பது வருடங்களில் பணத்தின் பெறுமதி எவ்வளவோ தேய்ந்திருந்தும் தொகை அதே தொகைதான். 2007இல் வேல்ஸ் அரசாங்கம் நினைவு நிதியத்துக்கு 15 இலட்சம் பவுணும் கல்வி நிதியத்துக்கு 5 இலட்சம் பவுணும் வழங்கியபோதுதான் அந்தக் கடன் கணக்கிலாவது நேரானது.

கணக்கு நேரானால் கடன் தீர்ந்ததா? கடன்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று பணத்தால் தீர்வது. மற்றது ஒப்புக்கொள்வதால் மட்டுமே தீர்வது. விசாரணை மன்றத்தில் நிலக்கரிச் சபை நீண்ட காலம் தனது பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் வாதாடியது. இறுதிக் கட்டத்தில்தான், அதுவும் நெருக்கப்பட்டு, இறங்கி வந்தது. பிள்ளைகளை இழந்தவர்கள் 76 நாட்கள் அந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'நாங்கள் செய்தோம்' என்று ஒருவர் வந்து நிற்காதவரை, மன்னிக்க மனமுள்ளவர்களுக்கும் மன்னிப்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. 'மன்னித்துவிட்டீர்களா?' என்று அந்த மக்களிடம் கேட்பது அதனால்தான் தவறான கேள்வி. யாரை மன்னிப்பது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதிலில்லை.

1969இல் கழிவு மேடுகளின் பாதுகாப்புக்கெனச் சட்டம் வந்தது. மேர்தர் வேல் சுரங்கம் 1989இல் மூடப்பட்டது. ஊரைப் பெற்ற சுரங்கம் போய்விட்டது, ஊர் இருக்கிறது. பாடசாலை இருந்த இடம் நினைவுப் பூங்காவாகியிருக்கிறது. மலைச்சரிவில் உள்ள அடக்கஸ்தலத்தில் பிள்ளைகளின் கல்லறைகள் வெள்ளை வளைவுகளாக வரிசையில் நிற்கின்றன. ஆனால் வேல்ஸ் முழுவதும் கைவிடப்பட்ட நிலக்கரிக் கழிவு மேடுகள் 2500க்கும் மேல் இன்னும் உள்ளன. 2020 பெப்ரவரியில் பெருமழையின்போது டைலர்ஸ்டவுன் என்ற இடத்தில் ஒரு மேடு சரிந்தது. அதிர்ஷ்டவசமாக உயிரிழப்பு இல்லை. கைவிடப்பட்ட மேடுகளைக் கண்காணிக்கும் அதிகாரசபையொன்றை அமைக்க வேல்ஸ் பாராளுமன்றம் 2025இல் சட்டம் இயற்றியது. அனர்த்தம் நடந்து ஐம்பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகாவது, மேட்டைப் பார்ப்பது ஒருவருடைய தொழிலாகிறது.

அது நல்ல செய்தி. என்றாலும் சட்டமும் அதிகாரசபையும் மேசைகளால் ஆனவைதாம். அங்கேயும் கோவைகள் நகரும். மேட்டின் அடியில் குடியிருக்கும் ஒரு பெண் எழுதும் கடிதம் அங்கே வந்து சேரும்போது, அதனைப் பிரித்து வாசிப்பவர் 'இது எனது பகுதிக்குரியதா?' என்று கேட்பாரா, 'இது உண்மையா?' என்று கேட்பாரா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. முதற் கேள்வியோடு நின்றுவிட்டவர் பின்னொரு நாள் 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் அது பொய்யாக இராது. ஆனால் அந்தச் சொல்லுக்கு உரிய சலுகையை அவர் கேட்க முடியாது.